புகையைக் கண்டும் சும்மா இருக்கலாமா?



காட்டாங்குளத்தூர் சுற்றுவட்டாரத்தில் வாழும் அன்புக்கொடி மக்களில் பலர், வேலைக்காகவும் பிள்ளைகளின் படிப்புக்காகவும் தெற்கே இருந்து வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை உச்சிப்படிப்பு முடிந்து தர்மம் உண்ண உட்காரும்போது, பெரியவர்கள் சில நேரம் மண்டைக்காட்டை நினைப்பதுண்டு. கூடவே ஒரு கேள்வியும் எழும். அப்படிப்பட்ட கொடுமையை முன்கூட்டியே அறிய முடியுமா? அறிந்தாலும் தடுக்க முடியுமா? எல்லாம் நீசக்கலியின் வேலை அல்லவா?

1982 மார்ச் 1. மண்டைக்காடு பகவதி அம்மன் கோவில் மாசிக் கொடை நேரம். கடற்கரையில் மூண்ட தகராறு கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் 6 பேர் இறந்தார்கள். பிறகு கடலோர ஊர்களுக்கும் அது பரவியது. அந்த நாளையும் நேரத்தையும் எந்த மனிதனும் முன்னதாகச் சொல்லியிருக்க முடியாது. ஆனால் அது திடீரென்று வந்ததும் அல்ல. அதற்கு முன்பே கூட்டங்களிலும் துண்டறிக்கைகளிலும் இரு மதத்தாருக்கும் இடையே கசப்பு ஏறிக்கொண்டே இருந்தது. குன்றக்குடி அடிகளார் அங்கே போய் இரு தரப்பாரிடமும் பேசி, அமைதிக்காகப் பாடுபட்டார். அந்தப் பேச்சு மாசிக்கு முன்பே நடந்திருந்தால்?

இன்னும் பக்கத்தில் நடந்ததும் உண்டு. 2018 மே 9 அன்று பல்லாவரத்திலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வக் கோவிலுக்காகப் போளூர் பக்கம் போனது. அத்திமூர் அருகே வழியில் நின்றபோது, 65 வயது அம்மா ஒருவர் அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று கூட்டம் கூடி, அந்த அம்மாவை அடித்தே கொன்றது. பிள்ளை பிடிக்கும் கூட்டம் சுற்றுகிறது என்ற பொய் அதற்குப் பல நாள் முன்பிருந்தே செல்பேசிகளில் சுற்றி வந்தது. அதை அனுப்பிய ஒவ்வொருவரும் தன் பிள்ளையைக் காப்பதாகவே நினைத்தார்கள். ஒருவர் கையிலும் கம்பு இல்லை. ஆனாலும் கொலையில் அவர்களுக்குப் பங்கு இல்லை என்று சொல்ல முடியுமா?

தடுத்ததும் உண்டு. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவின. பயந்து ஊருக்குக் கிளம்பினவர்களும் உண்டு. காவல்துறை உடனே மறுத்தது. அதிகாரிகள் தொழிலாளர்கள் இருக்கும் இடத்துக்கே போய்ப் பேசினார்கள். பீகாரிலிருந்தும் ஒரு குழு வந்து பார்த்தது. புகை தீயாகாமல் அடங்கியது.

கலி வரும் என்று அகிலம் முன்பே உரைத்துவிட்டது, இனி மனிதன் செய்ய என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். மழை வரும் என்று தெரிந்தவன் கூரை மேய்கிறான். மழையை நிறுத்துவதற்காகவா மேய்கிறான்? வீட்டில் இருப்பவர்கள் நனையாமல் இருப்பதற்காக. கலியின் குணத்தை அகிலம் சொன்னதும் அதற்காகத்தான். கலி எங்கோ இருந்து வாள் எடுத்து வருவதில்லை. காதில் நுழைந்து நாவில் வெளியேறுகிறது.

அய்யாவைப் பிடித்துப்போக மன்னனின் சேவகர்கள் வந்தபோது, பதியில் கூடியிருந்த மக்கள் எதிர்த்து நிற்கத் துடித்தார்கள். கோபத்துக்கு நியாயமும் இருந்தது. அய்யா அவர்களைப் பொறுத்திருக்கச் சொல்லிவிட்டுத் தாமே நடந்தார். சிங்காரத்தோப்புச் சிறையின் துன்பங்களைத் தாம் ஏற்றார். அன்று பதியில் சிந்தியிருக்கக்கூடிய இரத்தம் சிந்தவில்லை. பொறுமை கோழையின் குணம் என்பவர்கள் அந்த நாளை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அய்யா பொறுமையை மட்டும் சொல்லி விட்டுவிடவில்லை. முத்திரிக்கிணற்றில் எல்லாச் சாதியாரையும் ஒன்றாக நீராட வைத்தார், ஒன்றாக உண்ண வைத்தார். ஒரே பந்தியில் உண்டவனைப் பற்றிப் பொய் வந்தால், மனம் சட்டென்று நம்பாது. முகம் தெரியாதவனைப் பற்றி வந்தால் உடனே நம்பிவிடும். பக்கத்து அறையில் தங்கியிருக்கும் ஒடிசாக்காரர், எதிர்வீட்டு இஸ்லாமியக் குடும்பம், தெருமுனைத் தேவாலயத்துக்குப் போகிறவர் ஆகியோரின் பெயராவது தெரிந்திருப்பது சிறிய காரியம் அல்ல.

தீ மூளும் நாளை அய்யா அறிவார். புகை மனிதக் கண்ணுக்கும் தெரியும். வெறுப்பைச் சுமந்து ஒரு செய்தி கைக்கு வந்தால், அதை அடுத்தவருக்கு அனுப்பாமல் நிறுத்துவதும் தர்மம்தான்.

அய்யா துணை.