செய்வதா, வாங்குவதா?

அமெரிக்கன் மோட்டார்ஸ் நிறுவனம் 1984-ஆம் ஆண்டு மாடலாகக் கொண்டுவந்த ஜீப் செரோக்கி, எக்ஸ்ஜே என்ற குறியீட்டால் அறியப்படுகிறது. இது தனி சேசிஸ் இல்லாத வண்டி. லாரியில் இருப்பதுபோல் அடியில் தடித்த இரும்புச் சட்டம் போட்டு அதன்மேல் உடலை உட்காரவைத்த அமைப்பு இதில் இல்லை. மெல்லிய தகட்டை மடித்துச் செய்த நீளவாட்டுச் சட்டங்கள், தரைத்தகட்டோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருக்கும். இதனால் எடை குறைகிறது; சாலை ஓட்டத்துக்கு அது நல்லது. பெரிய டயர் மாட்டி, உயரத்தைக் கூட்டி, ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும்படி பாறைமேல் ஏற்றும்போது நிலைமை வேறு. வண்டியின் உடல் முழுவதும் முறுக்கிக்கொள்கிறது. ஸ்டீயரிங் பாக்ஸ் போல்ட்டுகளைச் சுற்றி விரிசல் விழுவது இந்த வண்டியைக் காட்டில் ஓட்டுகிறவர்கள் நன்கறிந்த பழுது.

சட்டத்தின் பக்கவாட்டில் இரும்புத் தகடு வைத்துப் பற்றவைப்பதே இதற்கு வழி. அளவாக வெட்டித் துளையிட்ட தகடுகளை விற்கும் சிறு பட்டறைகள் அமெரிக்காவில் உண்டு. 3/16 அங்குலத் தகட்டை வாங்கித் தாங்களே வெட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. எது மேல் என்ற வாதம் பணக்கணக்கில் தொடங்கினாலும் அங்கேயே நிற்பதில்லை. தன் கையால் செய்த பொருளுக்குத் தனி மதிப்பு உண்டா என்ற பழைய தத்துவக் கேள்வி அதற்குள் இருக்கிறது.

அமெரிக்க மனத்தில் அந்த மதிப்பு ஆழ வேரூன்றியது. எமர்சன் தற்சார்பைப் பற்றிய தம் கட்டுரையை 1841-இல் வெளியிட்டார். அவருடைய நண்பர் தோரோ, 1845-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வால்டன் குளக்கரையில் தம் குடிலைத் தாமே கட்டி, அதற்கு ஆன செலவு 28 டாலர் 12½ சென்ட் என்று 1854-இல் வந்த நூலில் கணக்குக் கொடுத்தார். கைவேலையின் பெருமை பேசும் பலர் இந்தக் கணக்கைப் பொறுமையாகப் படிப்பதில்லை. பலகைகளுக்காகத் தோரோ ஒரு ரயில் தொழிலாளியின் குடிசையை 4 டாலர் 25 சென்ட்டுக்கு வாங்கிப் பிரித்தார். ஆணிக்கு 3 டாலர் 90 சென்ட் ஆனது. கோடரி இரவல். குடிலின் மரச்சட்டத்தைத் தூக்கி நிறுத்த நண்பர்கள் கைகொடுத்தார்கள். இதையெல்லாம் அவர் மறைக்கவில்லை என்பது அவருடைய நேர்மை. தானே தகடு வெட்டுகிறவரும் உருக்காலைத் தகட்டையும், வெல்டிங் கம்பியையும், வாயு சிலிண்டரையும் வாங்கித்தான் வேலையைத் தொடங்குகிறார். ஆகவே எதை வாங்கலாம், எதை வாங்க முடியாது என்று பிரித்துப் பார்ப்பதே இங்கே பயன் தரும்.

விற்பனைக்கு வரும் தகட்டில் இரும்போடு அறிவும் சேர்ந்து வருகிறது. சட்டத்தின் ஒரு பகுதியை விறைப்பாக்கினால் விசை மறைந்துவிடாது. தகடு முடிகிற இடத்தில் போய்க் குவியும். அங்கே முனை சதுரமாக வெட்டப்பட்டிருந்தால் புது விரிசல் அங்கிருந்தே புறப்படும். கூர்மையான மூலைகளிலும் விரிசல் நுனிகளிலும் தகைவு எப்படிப் பன்மடங்கு பெருகுகிறது என்பதைப் பொறியாளர் இங்லிஸ் 1913-இல் கணிதமாக நிறுவினார். தகட்டின் முனையைச் சரிவாகக் குறுக்கி, மூலைகளை வளைவாக வெட்டும் பட்டறைக்காரர் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருக்க வேண்டியதில்லை. முன்பு வெட்டிய தகடுகள் எங்கே தவறின என்று பார்த்துத் திருத்தியே அந்த வடிவத்துக்கு வந்திருக்கலாம். 1776-இல் ஆடம் ஸ்மித் காட்டிய குண்டூசிப் பட்டறையில் பத்துப் பேர் வேலையைப் பகிர்ந்து நாளொன்றுக்கு 48,000 ஊசிகள் செய்தார்கள். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதால் வரும் இந்தத் தேர்ச்சியை, தன் ஒரு வண்டிக்காக மட்டும் தகடு வெட்டுகிறவர் பெற முடியாது. வாங்குவதற்கு ஆதரவான வலுவான காரணம் இதுதான்.

எதிர்ப்பக்கத்தில் அரிஸ்டாட்டில் நிற்கிறார். வீட்டைப் பற்றிக் கட்டியவரைவிடக் குடியிருப்பவரும், சுக்கானைப் பற்றித் தச்சரைவிட மாலுமியும் நன்றாகத் தீர்ப்புச் சொல்ல முடியும் என்பது அவருடைய ‘அரசியல்’ நூலில் வரும் கருத்து. விற்பனைத் தகடு, தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் இருந்த வண்டிக்கு அளவெடுத்தது. பல ஆண்டுகள் துருவும் அடியும் பட்ட சட்டத்தில் அது அப்படியே போய் உட்காராது. வெட்டியும் தட்டியும்தான் பொருத்த வேண்டும். தன் வண்டி எங்கே முனகுகிறது, எந்தக் கதவு மேட்டில் ஏறும்போது இறுகுகிறது என்பதை ஓட்டுகிறவரே அறிவார். அந்த அறிவு எந்தக் கடையிலும் கிடைக்காது.

அதே அரிஸ்டாட்டில் ‘நிக்கோமக்கிய அறவியல்’ ஆறாம் பகுதியில், பொருளைச் செய்வதையும் செயல் புரிவதையும் பிரிக்கிறார். முதலாவதின் நோக்கம் அதற்கு வெளியே, செய்யப்படும் பொருளில் இருக்கிறது. நற்செயலுக்கோ அந்தச் செயலே நோக்கம். இந்த வாதத்தின் குழப்பம் பெரும்பாலும் இங்கேதான். தகடு வெட்டக் கற்பது மனிதருக்கு நன்மை; பொறுமையும் கவனமும் அதில் வளர்கின்றன. அது செயலின் மதிப்பு. சட்டம் தாங்குமா என்பது பொருளைப் பற்றிய கேள்வி. அதில் யார் கை என்பதற்கு இடமே இல்லை. தான் செய்தேன் என்ற மகிழ்ச்சியைத் தகட்டின் உறுதிக்குச் சான்றாகக் காட்டுவது தவறு. அந்த ஸ்டீயரிங் பாக்ஸ் பெயர்ந்தால் பாதிக்கப்படுபவர் எதிரே வரும் வண்டிக்காரராக இருக்கலாம். அவருக்கு அந்த மகிழ்ச்சியில் பங்கில்லை.

தகட்டை வாங்கினாலும் செய்தாலும் பற்றவைத்தல் மீதமிருக்கிறது. அறத்தின் சோதனை முழுவதும் அங்கேதான். தடித்த தகட்டுக்கேற்ற சூடு வைத்தால் பழைய மெல்லிய சட்டம் ஓட்டையாகும். மெல்லியதற்கேற்ப வைத்தால் உலோகம் ஊடுருவாமல் மேலே படிந்து நிற்கும். பார்வைக்கு அழகாக இருக்கும், பிடிப்பு இருக்காது. பெயிண்டையும் துருவையும் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்தெடுக்க வேண்டும். நீளமாக ஒரே இழுப்பில் பற்றவைத்தால் சட்டம் கோணும். சிறு சிறு துண்டுகளாக, இடம் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். எரிபொருள் குழாயும் பிரேக் குழாயும் சட்டத்தை ஒட்டியே ஓடுகின்றன. வேலை முடிந்து பெயிண்ட் அடித்ததும் நல்லதும் கெட்டதும் ஒரே நிறம்.

யாரும் பார்க்காத வேலையை எப்படிச் செய்வது என்ற இந்தக் கேள்வியைச் சமயமும் எதிர்கொண்டிருக்கிறது. 1774-இல் இங்கிலாந்திலிருந்து நியூயார்க் வந்த ஷேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் உழைப்பையே வழிபாடாகக் கொண்டார்கள். ஆனாலும் எல்லாவற்றையும் தமக்காக மட்டும் செய்துகொண்டு ஒதுங்கவில்லை. நாற்காலிகளையும் விதைப் பொட்டலங்களையும் வெளியாருக்கு விற்றார்கள். முகம் அறியாத ஒருவர் நம்பி உட்காரப்போகும் நாற்காலியில் காட்டும் கவனமும் அவர்களுக்கு வழிபாட்டின் பகுதியே. அப்படிச் செய்தவரிடம் வாங்குவதில் குறை எதுவும் இல்லை.

ஆகவே தகட்டை வாங்கலாம். முனை ஏன் சரிவாக இருக்க வேண்டும் என்று அறிந்தவர் தாமே வெட்டியும் கொள்ளலாம். பற்றவைக்க முனைகிறவர், முதலில் தகட்டின் தடிமனும் சட்டத்தின் தடிமனும் உள்ள கழிவுத் துண்டுகளை இணைத்து, வைஸில் பிடித்து முறித்துப் பார்க்க வேண்டும். பற்றவைத்த இடத்திலேயே அது பிரிந்துவந்தால், வண்டியைத் தேர்ந்த வெல்டரிடம் விடுவதே சரி.