வேலைப் பையன் எதைப் படிக்கிறான்?



பாக்கி கேட்டு ஆள் வந்தால், "முதலாளி இல்லை என்று சொல்" என்கிறோம் வேலைப் பையனிடம். பொய்யைக் கற்றுக்கொடுத்தது நாம். பிறகு கல்லாவில் பணம் குறைந்தால், "அமானிதம் எங்கே?" என்று அவனைக் கேட்கிறோம்!

நம் மதுரையில் 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் கட்டுவோர் தரும் வருமானத்தில் ஏழைகளுக்கும் சிகிச்சை. இரு சாராருக்கும் அதே மருத்துவர்கள். ஏழையைத் திருப்பி அனுப்பாத அந்தப் பழக்கமே நிறுவனம் வளர்ந்த பாதையும் ஆனது. புதிதாக வேலைக்குச் சேர்பவர் அதைக் கண்ணால் பார்த்தே கற்றுக்கொள்கிறார்.

நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்தார்கள். அடியில் ஈரம்! மறைத்த வியாபாரியைக் கண்டித்தார்கள். நம் கடைக் குவியலின் அடியில் என்ன இருக்கிறது? அதைக் குவிப்பவன் நம் வேலைப் பையன்தானே! சுவரில் மாட்டிய வாசகத்தை அவன் படிப்பதில்லை, நம்மைப் படிக்கிறான்.

நம் பொறுப்பில் இருப்பவர்களைப் பற்றி மறுமையில் நம்மிடம்தான் கேள்வி. ஜும்ஆ முடிந்து கடைக்குப் போனதும், "தம்பி, இனி எனக்காகப் பொய் சொல்லாதே" என்று சொல்லுங்கள்.

அல்லாஹ் நம் சம்பாத்தியத்தில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.