பெயர் சொத்தா, கடனா?

லெஹுவா. கேட்கவே நன்றாக இருக்கிறது, இல்லையா? ஹவாய்த் தீவுகளில் பிள்ளைகளுக்கு வைக்கிற பெயர். அர்த்தம் தேடினால், பெயர்ப் புத்தகம் ஒரே வார்த்தையில் முடித்துவிடும்: பூ.

அவ்வளவுதானா?

எரிமலைக் குழம்பு ஓடி, ஆறி, கறுத்துக் கிடக்கிறது பாறை. புல்கூட முளைக்காது என்று நீங்கள் நினைக்கிற அந்த இடத்தில், வெடிப்பில் வேர்விட்டு முதலில் எழுந்து நிற்கிற மரங்களில் ஒன்று ஒஹியா. சிவப்பு நூலைக் கொத்தாகக் கட்டியது மாதிரி அதில் பூப்பதுதான் லெஹுவா.

எரிமலைத் தெய்வமான பெலே, ஒஹியா என்ற இளைஞன் மேல் ஆசைப்பட்டாளாம். அவன் மனசிலோ லெஹுவா. கோபத்தில் பெலே அவனை மரமாக்கிவிட்டாள். மற்ற தெய்வங்கள் இரக்கப்பட்டு, லெஹுவாவை அந்த மரத்திலேயே பூவாக்கின. பூவைப் பறித்தால் மழை வரும் என்பார்கள். பிரிந்தவர்களின் கண்ணீர்!

அந்த மொழியில் லெஹுவா என்றால் வீரன், அன்புக்குரியவர், கைதேர்ந்தவர் என்றும் பொருள். அங்கே பெயர் விளையாட்டு இல்லை. முன்னோர் கனவில் வந்து சொன்ன பெயரை வைக்காவிட்டால் பிள்ளைக்கு ஆகாது என்று பயந்தவர்கள் அவர்கள்.

ஆனால், 1860-ல் ஒரு சட்டம் வந்தது. இனி பிறக்கும் பிள்ளைக்குக் கிறிஸ்தவப் பெயர்தான் முதல் பெயர். கையெழுத்துப் போட்டவர் வெள்ளைக்காரர் அல்ல. ஹவாய் மன்னர் நான்காம் கமேஹமேஹாவேதான்! 1967-ல்தான் அது ரத்தானது. அதுவரை 107 வருஷம், எத்தனையோ சொந்தப் பெயர்கள் நடுப்பெயராக ஒதுங்கித்தான் பிழைத்தன.

பெயர் தப்பித்தது. இப்போது மரத்துக்கு ஆபத்து. 2014-ல் அடையாளம் கண்ட ஒரு பூஞ்சை நோய், ஹவாய்த் தீவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஒஹியாக்களைக் கொன்றிருக்கிறது. பட்டையில் சின்னக் காயம் போதும், உள்ளே புகுந்துவிடும். அதனால்தான் காட்டுப் பாதையின் வாசலில் பிரஷ் வைத்திருக்கிறார்கள். பூட்ஸ் மண்ணைத் தேய்த்துவிட்டுத்தான் உள்ளே போகணும்.

மரமே இல்லாமல் போனால், லெஹுவா என்ற பெண் தன் பெயருக்கு எதைக் காட்டுவாள்? பழைய போட்டோவையா?

நான் காமர்ஸ் படித்தவன். பேலன்ஸ் ஷீட்டில் பெயரை எந்தப் பக்கம் எழுதுவது என்று யோசித்துப் பார்த்தேன். அப்பா, அம்மா கொடுத்த சொத்து என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இல்லை சார், அது கடன். ஒரு பூவின் பெயரை வாங்கிக்கொண்டால், அந்தப் பூ பிழைத்திருக்க நாமும் ஏதாவது செய்தாகணும்.

குறைந்தபட்சம், செருப்பு மண்ணைத் தட்டிவிட்டாவது உள்ளே போகலாம்.