விசிலை ஊதியது யார்?

1966 டிசம்பர். கல்கத்தா சவுத் கிளப்பின் புல்தரை. டேவிஸ் கிண்ணத்தில் இந்தியாவும் பிரேசிலும் ஆளுக்கு இரண்டு ஆட்டங்களை வென்று சமமாக நிற்கின்றன. மிச்சம் ஒரே ஆட்டம். அதில் வெல்லும் நாடு கிண்ணத்துக்காக மெல்பர்னில் ஆஸ்திரேலியாவோடு மோதும். தோற்கும் நாடு பெட்டியைக் கட்டும்.

வலைக்கு இந்தப் பக்கம் ராமநாதன் கிருஷ்ணன். தென்காசிக் குடும்பத்துப் பிள்ளை, வயது 29. அந்தப் பக்கம் தோமாஸ் கோக். இடக்கை ஆட்டக்காரர், வயது 21. அவருடைய அணி சாதாரண அணி இல்லை. அமெரிக்காவையே வீழ்த்திவிட்டுக் கல்கத்தாவுக்கு வந்த அணி.

முதல் செட் கோக்குக்கு, 6-3. இரண்டாவது கிருஷ்ணனுக்கு, 6-4. மூன்றாவது செட் இழுத்துக்கொண்டே போனது. இன்று இருக்கும் டைபிரேக்கர் அப்போது கிடையாது. இரண்டு கேம் வித்தியாசம் வரும்வரை ஆடியே தீரவேண்டும். அந்த செட்டில் மட்டும் 22 கேம்கள். அத்தனையும் ஆடி, 10-12 என்று கிருஷ்ணன் தோற்றார். இவ்வளவு உழைத்துப் பறிகொடுத்த செட் ஒரு மனிதனின் நெஞ்சுக்குள் என்ன செய்யும் என்று நினைத்துப்பார். நான்காவது செட்டில் அது தெரிந்தது. 2-5. கோக் இன்னும் ஒரு கேம் எடுத்தால் போதும், பிரேசில் மெல்பர்ன் போய்விடும்.

தம்பி, தங்கையே, இந்த இடத்தில் ஒரு நிமிடம் நில். அந்தப் பலகையில் இருக்கும் எண்களை உன் எண்களாக நினைத்துக்கொள். ஏனென்றால் இங்கே மலேசியாவில், காஹாங்கில், குளுவாங்கில், மெர்சிங் சாலையோரத்துச் செம்பனைத் தோட்டங்களில் இன்று எத்தனையோ பிள்ளைகள் 2-5இல் நிற்கிறார்கள். எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்த அன்றே "உனக்கு அவ்வளவுதான்" என்று சொல்லப்பட்ட பிள்ளைகள். மலாய்மொழித் தாளில் கோட்டைவிட்டு, சான்றிதழே கைக்கு வராமல், சிங்கப்பூருக்கு எந்த வேலையானாலும் போகிறேன் என்று கிளம்பிய பிள்ளைகள். அப்பா தவறிய வருடத்தில் படிப்பை நிறுத்திய பெண் பிள்ளைகள். அவர்களைப் பார்த்து ஊரே கேம் முடிந்துவிட்டது என்கிறது.

நான் கேட்கிறேன்: முடிந்தது என்று விசிலை ஊதியது யார்?

காற்பந்தில் விசில் உண்டு. தொண்ணூறு நிமிடம், அதற்கு மேல் சில நிமிடம், பிறகு நடுவர் ஊதிவிடுவார். மூன்று கோல் முன்னால் இருக்கும் அணி பந்தை அங்கேயும் இங்கேயும் தட்டிக்கொண்டே நேரத்தைக் கழித்து வெற்றியைச் சுருட்டிக்கொள்ளலாம். டென்னிஸில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. நேரம் முடிந்துவிட்டது என்று யாரும் ஜெயிக்க முடியாது. எவ்வளவு முன்னால் இருந்தாலும் கடைசிப் புள்ளியையும் ஆடித்தான் எடுக்கவேண்டும், எதிரே ஆள் நிற்கும்போதே எடுக்கவேண்டும். பின்தங்கியவனுக்கு எஞ்சியிருக்கும் உரிமை அது. அந்த உரிமையைப் பறிக்க உலகத்தில் எந்த கோக்காலும் முடியாது. கிருஷ்ணன் தானாகக் கொடுத்தால்தான் உண்டு.

கிருஷ்ணன் கொடுக்கவில்லை. 2-5 என்பது 7-5 ஆனது. தொடர்ந்து ஐந்து கேம். கடைசி செட்டில் 6-2. இந்தியா முதல்முறையாக டேவிஸ் கிண்ணத்தின் இறுதிச் சுற்றுக்குப் போனது.

இதை அதிசயம் என்று சொல்லிக் கைதட்டிவிட்டுப் போகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. கிருஷ்ணனிடம் இடிபோன்ற சர்வீஸ் எந்நாளும் இருந்ததில்லை. அவரைப் பற்றி எழுதிய எல்லோரும் அந்த மென்மையான சர்வீஸைச் சொல்லாமல் விட்டதில்லை. 2-5இல் நின்றபோது புதிதாக ஒரு பலம் அவர் தோளில் வந்து ஏறவில்லை. அப்பா டி.கே. ராமநாதன் சிறு வயதிலிருந்து பழக்கிக்கொடுத்த கை இருந்தது. பந்து வருவதற்கு முன்பே சரியான இடத்துக்குப் போய் நிற்கும் கால் இருந்தது. 1954இல் ஜூனியர் விம்பிள்டனை வென்ற முதல் ஆசியர் அவர். 1960இலும் 1961இலும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனவர். ஆயிரம் காலைகளில் செய்ததையே அன்றும் செய்தார். தன்னம்பிக்கை என்றால் கண்ணாடி முன்னால் நின்று "என்னால் முடியும்" என்று கத்துவது என்று உனக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கத்தினால் தொண்டைதான் வறளும். நெருக்கடியில் கை நடுங்காமல் இருப்பதற்கு, நெருக்கடி இல்லாத நாளில் அந்தக் கை உழைத்திருக்கவேண்டும்.

நம் பாட்டிமார் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். இருட்டோடு எழுந்து பால்மர வெட்டுக்குப் போய், வெட்டி முடித்த பிறகு மழை பிடித்துக்கொண்டால் மங்கு நிறையத் தண்ணீர்தான். அன்றைய கூலி போச்சு. அதற்காக யாரும் பால்மரத்தை வெட்டிச் சாய்க்கவில்லை. மறுநாள் அதே நிரையில் அதே மரத்தடியில் போய் நின்றார்கள். அந்த வயிற்றில் பிறந்த நாம் ஒரு தாளில் தோற்றதற்காக ஒரு பிள்ளையின் ஆயுளையே வெட்டிச் சாய்க்கிறோம். 17 வயதுப் பிள்ளையிடம் "இனி நீ எதற்கும் ஆகமாட்டாய்" என்று சொல்கிற வாய், அது பெற்றவரின் வாயாக இருந்தாலும் மூடப்படவேண்டிய வாய்.

இன்னொரு ஆட்டத்தைச் சொல்கிறேன். இது உன் கைப்பேசியிலேயே கிடைக்கும், தேடிப் பார். 2025 ஜூன் 8, பாரிஸ், பிரெஞ்சு ஓபன் இறுதி. உலகின் முதல்நிலை ஆட்டக்காரர் யானிக் சின்னர், இரண்டாம் நிலை கார்லோஸ் அல்கராஸ். சின்னர் முதல் இரண்டு செட்களையும் எடுத்துவிட்டார். மூன்றாவதை அல்கராஸ் எடுத்தார். நான்காவதில் 5-3 என்று சின்னர் முன்னால், அல்கராஸின் சர்வீஸில் 0-40. அதாவது அடுத்த மூன்று புள்ளிகளில் ஒன்று கிடைத்தாலும் சின்னர் சாம்பியன். ஒன்று! மூன்றையும் அல்கராஸ் காப்பாற்றினார். அந்த செட்டை டைபிரேக்கரில் பிடித்தார். ஐந்தாவது செட்டும் டைபிரேக்கருக்குப் போனது, அங்கே 10-2. மொத்தம் 5 மணி 29 நிமிடம். அந்தப் போட்டியின் வரலாற்றில் இவ்வளவு நீண்ட இறுதியாட்டம் கிடையாது.

இன்னும் ஒன்று. அதற்கு முன் அல்கராஸ் தன் வாழ்நாளில் முதல் இரண்டு செட்டை இழந்து ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. பழைய கணக்கைப் பார்த்தால் அவர் அன்று பையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கவேண்டும். "நான் இதுவரை செய்ததில்லை" என்பதை "என்னால் ஆகாது" என்று நீ எத்தனைமுறை மாற்றிப் படித்திருக்கிறாய்? அவர் அப்படிப் படிக்கவில்லை.

புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தால் இன்னும் வியப்பு. அன்று சின்னர் எடுத்தவை 193. அல்கராஸ் எடுத்தவை 192. கூடுதல் புள்ளி எடுத்தவர் தோற்றார்! எல்லாப் புள்ளிக்கும் ஒரே எடை இல்லை. நூறு இடங்களில் விழுந்தாலும் எழுந்திருக்கவேண்டிய சில இடங்களில் எழுந்து நின்றவனுக்குக் கிண்ணம் போகிறது. உன் ஐந்து வருடப் பள்ளி மதிப்பெண்களைக் கூட்டி உனக்கு விலை சொல்கிறவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டு.

சின்னர் என்ன ஆனார்? மூன்று சாம்பியன் புள்ளிகளைக் கையில் வைத்திருந்து இழந்தவன் ஒரு வருடம் வீட்டைவிட்டு வெளியே வராமல் இருந்தாலும் யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஐந்தே வாரம். 2025 ஜூலை 13, விம்பிள்டன் இறுதி, எதிரே அதே அல்கராஸ். முதல் செட்டை இழந்தார் சின்னர். அடுத்த மூன்றையும் 6-4, 6-4, 6-4 என்று எடுத்துக் கிண்ணத்தைத் தூக்கினார். அந்த பாரிஸ் தோல்வியோடு அவர் ஆட்டத்தையும் யாரும் விசில் ஊதி முடித்துவைக்கவில்லை.

டென்னிஸ் எல்லாம் எங்கேயோ நடக்கிறது என்று சொல்லாதே. நம் நாட்டுக்கு வா. 2016 ரியோ ஒலிம்பிக் பூப்பந்து அரையிறுதியை மலேசியாவில் யார் மறப்பார்? 2008இலும் 2012இலும் ஒலிம்பிக் இறுதியில் தன்னைத் தோற்கடித்த லின் டான் எதிரே லீ சோங் வெய். முதல் செட் போச்சு, 15-21. இரண்டாவதை 21-11 என்று திருப்பினார். மூன்றாவதில் 20-17 என்று முன்னேறி, மூன்று வெற்றிப் புள்ளிகளையும் இழந்து 20-20. பழைய பேய் மறுபடியும் தோளில் உட்காரும் நேரம் அது. உதறினார். 22-20. இறுதியில் சென் லோங்கிடம் தோற்று வெள்ளியோடு வந்தார், உண்மைதான். அதனால் அந்த அரையிறுதி சிறுத்துவிட்டதா? என் வரையில் மலேசியர் ஒருவர் ஆடிய மிகப் பெரிய ஆட்டம் அதுதான்.

நம் வீட்டுப் பெண் ஒருத்தியைச் சொல்லாமல் விடமாட்டேன். கெடா மாநிலம் சுங்கை பட்டாணியைச் சேர்ந்த சிவசங்கரி சுப்பிரமணியம். சுவர்ப்பந்து வீராங்கனை. 2018 ஆசியப் போட்டி இறுதியில், 19 வயதில், நிக்கோல் டேவிட்டை ஐந்து கேம்கள் வரை இழுத்துச் சென்று தோற்றவர். 2022 ஜூனில் கார் விபத்து. கழுத்து முள்ளெலும்பில் முறிவு, முகத்திலும் காயம். பர்மிங்காம் காமன்வெல்த் போட்டி கைநழுவியது. கழுத்தைத் திருப்பி ஆடவேண்டிய விளையாட்டில் கழுத்தே முறிந்த பெண்ணுக்கு எத்தனை பேர் மனதுக்குள் விசில் ஊதியிருப்பார்கள்! அடுத்த ஆண்டு ஹாங்சோ ஆசியப் போட்டியில் தனிநபர் தங்கமும் குழுத் தங்கமும் அவர் கழுத்தில் ஏறின. 2024இல் லண்டன் கிளாசிக் இறுதியில் எகிப்தின் ஹானியா எல் ஹம்மாமியை ஐந்து கேம்கள் ஆடி வென்றார். தங்கைமாரே, அந்தப் பெயரைப் பாருங்கள். சிவசங்கரி. நம் வகுப்பறை வருகைப் பதிவேட்டில் இருக்கிற பெயர்.

"ஐயா, இதெல்லாம் பேச நன்றாக இருக்கிறது, கடைசியில் கிருஷ்ணனும் தோற்கத்தானே செய்தார்?" என்று ஒரு தம்பி கேட்கலாம். ஆமாம். மெல்பர்னில் ஆஸ்திரேலியா 4-1 என்று இந்தியாவை வென்றது. ஆனால் அந்த ஒன்று எங்கிருந்து வந்தது தெரியுமா? இரட்டையர் ஆட்டத்தில் கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் சேர்ந்து, முந்தைய வருட விம்பிள்டன் இரட்டையர் சாம்பியன்களான ஜான் நியூகோம்பையும் டோனி ரோச்சையும் அவர்கள் மண்ணிலேயே சாய்த்தார்கள். கல்கத்தாவில் 2-5இல் மட்டையைக் கீழே போட்டிருந்தால் மெல்பர்னில் தோற்கும் தகுதிகூடக் கிடைத்திருக்காது. பெரிய இடத்தில் தோற்பதற்கும் முதலில் சிறிய இடத்தில் விடாமல் நிற்கவேண்டும்.

வாழ்க்கையில் எதற்குமே விசில் இல்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். வயது ஏறினால் முழங்கால் விசில் ஊதும். ஒலிம்பிக் ஓட்டக்காரனாக முப்பது வயதில் தொடங்க முடியாது. ஆனால் உன்னை வீட்டுக்குள் முடக்கி வைத்திருக்கும் காரியங்களை எடுத்துப் பார். படிப்பு. கைத்தொழில். கடனை அடைப்பது. குடியை விடுவது. பேச்சு நின்றுபோன அண்ணனோடு பேசுவது. இவற்றில் எதற்கு நடுவர் விசில் வைத்திருக்கிறார்? ஒன்றுக்கும் இல்லை. ஊதியது நீதான். பக்கத்து வீட்டுக்காரர் ஊதினார் என்றால், அதைக் கேட்டு ஆட்டத்தை நிறுத்தியவன் நீ.

எஸ்.பி.எம். மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தவறியவர்களுக்கு மறுதேர்வு இருக்கிறது. நாடே வைத்திருக்கும் வழி அது, கெஞ்ச வேண்டியதில்லை. காஹாங்கில் நம் வாசலைத் தொட்டுக்கொண்டு போகும் 50ஆம் எண் கூட்டரசு சாலையைப் பார். கிழக்கே மெர்சிங். மேற்கே போனால் குளுவாங், அங்கே தொழிற்கல்லூரி. இன்னும் போனால் ஆயர் ஹீத்தாம், அதைத் தாண்டி பாரிட் ராஜாவில் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகம், தொழில்நுட்பத்துக்கென்றே வளர்ந்த பல்கலைக்கழகம். செம்பனைக் குலை ஏற்றிய லாரி போகிற அதே சாலை. கடல் தாண்டவேண்டாம், திசை கேட்கவேண்டாம்.

ஐந்து கேமை ஒரே நாளில் பிடிக்கவேண்டும் என்று நினைத்து மலைக்காதே. 2-5இல் கிருஷ்ணனும் ஒரே மூச்சில் ஐந்து கேமை எடுக்கவில்லை. முதலில் ஒரு புள்ளி. உன் அந்த ஒரு புள்ளி இதுதான்: திங்கட்கிழமை காலை பசியாறிவிட்டு குளுவாங்குக்கு பஸ் ஏறு. மாவட்டக் கல்வி இலாகாவுக்குப் போ. மறுதேர்வுக்குப் பதிவு எப்போது என்று கேள். கூச்சமாக இருந்தால் தனியாகப் போகாதே. உன்னைப் போலவே 2-5இல் நிற்கும் இன்னொருவன் உன் வரிசை வீட்டிலேயே இருப்பான், அவனையும் இழுத்துக்கொண்டு போ.