எதை வெட்டுவது?

வானொலிக்கு நான் எழுதிய 15 நிமிஷ நகைச்சுவை நாடகத்தை 5 நிமிஷத்துக்குள் குறுக்கித் தரச் சொன்னார்கள். கதை தூத்துக்குடி முத்துக்குளிப்பைப் பற்றியது. 1961-க்குப் பிறகு அந்தத் தொழில் நின்றுபோயிற்று. சிப்பியைத் திறக்காமலே ஏலம் போடுவார்கள். குளித்தவனுக்குக் கூலி, எடுத்த சிப்பியில் ஒரு பங்கு. என் வியாபாரி அந்தப் பங்கையும் அடிமாட்டு விலைக்குக் கேட்டு வாங்குகிறார். பிளந்து பார்த்தால் நாற்றந்தான் மிச்சம்!

சிரிப்பு வராத இடத்தை வெட்டு என்பார்கள். அப்படியானால் முதலில் போகவேண்டியவன் குளிப்பவன்தான். "மூச்சுக்கு என்ன விலை, முதலாளி?" என்று கேட்பதோடு அவன் வேலை முடிந்தது, யாரும் சிரிக்கமாட்டார்கள். ஆனால் அவன் போய்விட்டால் வியாபாரி யார்? கைம்முதலை இழந்த ஒரு மனிதர். பேராசையைப் பார்த்துச் சிரித்த நேயர், அப்போது நஷ்டப்பட்டவரைப் பார்த்தல்லவா சிரிப்பார்? இரண்டும் ஒரே சிரிப்பா?

நேரத்தின்மேல் பழி போடுவதில் நியாயமில்லை. 'இன்று ஒரு தகவல்' பேசிய தென்கச்சி கோ. சுவாமிநாதன், சில நிமிஷத்தில் விஷயத்தையும் சொல்லி, முடிவில் சிரிக்கவும் வைத்தாரே!

சிப்பி பிளக்கும் காட்சியில் நாலு வேடிக்கைகள் இருந்தன. நன்றாகவே வந்திருந்தன. மூன்றை எடுத்துவிட்டேன், குளிப்பவன் இருக்கிறான்.