ஓலையும் கயிறும்



ஆடிச் சுவாதியிலே சுந்தரமூர்த்தி சுவாமிகளின் குருபூசையை ஆண்டுதோறும் செய்து வருகின்றோம். மணப்பந்தரிலே கிழவேதியராக வந்த பெருமான் அவரைத் தடுத்தாட்கொண்ட வரலாற்றைச் சிறுபிள்ளைகளும் அறிவர். ஆயினும் அதில் ஒரு செய்தியை நாம் விரைந்து கடந்து விடுகின்றோம். எல்லாம் வல்ல இறைவன் வெறும் வாய்ச்சொல்லோடு வரவில்லை. பாட்டனார் எழுதிக்கொடுத்த ஆளோலையோடு வந்தான். நம்பியாரூரர் பறித்துக் கிழித்தது படியோலை. மூலவோலை பத்திரமாக இருந்தது. திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் அதை வாசித்து, சாட்சிகளின் எழுத்தைப் பார்த்து, பாட்டனாரின் வேறோர் ஓலையை வருவித்து ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்புச் சொன்னார்கள்.

இறைவனே எழுத்தோடு வந்திருக்க, நாம் மட்டும் ஏன் எழுத அஞ்சுகின்றோம்? உயில் என்று வாயெடுத்தாலே, “நல்ல நாளும் அதுவுமா என்ன கதை” என்று அடக்கிவிடுகின்றோம். கலியாணத்துக்கு ஒரு வருடம் முன்பே மண்டபம் பதிகிறவர்களும் நாமே!

இங்கே ஒன்ராறியோவில் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அற்றோர்ணித் தத்துவம் இரண்டு வகை: சொத்துக்கு ஒன்று, உடற்பராமரிப்புக்கு ஒன்று. ஊர்க் காணிக்காக எழுதிக்கொடுத்த தத்துவம் வேறு, இது வேறு. மனம் தெளிவாக உள்ளபோதே கையொப்பமிட வேண்டும். மறதிநோய் முற்றிய பின் இயலாது. அப்போது மனைவி என்ற உரிமையால் மட்டும் கணவரின் தனிப் பெயரிலுள்ள வங்கிக் கணக்கைத் தொட முடியாது. அரச காப்பாளர் அலுவலகம் தலையிடவும், குடும்பத்தார் விண்ணப்பித்துக் காத்திருக்கவும் நேரும்.

எழுதிக்கொடுத்தால் வீடு போய்விடும் என்று முதியோர் அஞ்சுகின்றனர். வீட்டின் உரிமை மாறுவதில்லை; தெளிவோடு இருக்கும்வரை இரத்துச் செய்யவும் முடியும். ஆனால் அவ்வச்சம் முழுதும் வீண் என்றும் சொல்லமாட்டோம். சொத்துக்கான தத்துவம், வேறாக எழுதாவிட்டால், கையொப்பமிட்ட நாள் தொடக்கமே செல்லும். ஆதலால் மூத்த மகன் என்பதற்காக அன்றி, கணக்குக் காட்டக்கூடியவரையே நியமியுங்கள். சாட்சிகள் இருவர் வேண்டும். கணவன், மனைவி, பிள்ளைகள், நியமிக்கப்படுபவர் ஆகியோர் சாட்சியாக முடியாது.

இனி, நெஞ்சை உறுத்தும் காரியத்துக்கு வருவோம். பூசை முடிந்த பின்னும், வளர்ந்த பிள்ளையின் கையைப் பிடித்தபடி வசந்தமண்டப ஓரத்தில் நிற்கும் தாய்மாரைக் காண்கின்றோம். “எங்களுக்குப் பிறகு இந்தப் பிள்ளையை ஆர் பாப்பினம்?” என்பதே அவர்களுடைய வேண்டுதல்.

பணத்தை அப்பிள்ளையின் பெயருக்கே நேரே எழுதினால், ஒன்ராறியோ வலுவிழந்தோர் உதவிப்பணம் நின்றுபோகலாம். தனியொருவருக்குச் சொத்தெல்லை 40,000 டொலர். உயிலே எழுதாவிட்டாலும் பிள்ளையின் பங்கு நேரே அவரிடமே வரும். “அண்ணாவைப் பார்த்துக்கொள்” என்று எல்லாவற்றையும் தங்கைக்கு எழுதினாலோ, அவள் தங்கமான பிள்ளையாகவே இருக்கட்டும், கடனில் வீழ்ந்தால் அல்லது அண்ணனுக்கு முன் காலமானால் என் செய்வது?

லெனார்ட் ஹென்சன் என்ற தந்தை தம் மகளுக்காக எழுதிவைத்த நம்பிக்கைப் பொறுப்பை 1989இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. அதனாலேயே அதற்கு ஹென்சன் நம்பிக்கைப் பொறுப்பு என்று பெயர். கோயில் ஆதனத்தைத் தர்மகர்த்தா பராமரிப்பாரேயன்றி அனுபவிப்பதில்லை அல்லவா? அதுபோன்றதே இதுவும். எப்போது, எவ்வளவு கொடுப்பது என்பது பொறுப்பாளரின் முழுத் தற்றுணிபு. பிள்ளை உரிமையாகக் கேட்க முடியாது. கேட்கக் கொடுமையாகத் தோன்றும். ஆனால் அதனாலேயே அது பிள்ளையின் சொத்தாக எண்ணப்படாமல் உதவிப்பணம் நிலைக்கின்றது. இதைக் கடையில் வாங்கும் உயில் படிவத்தில் எழுத முடியாது. சட்டத்தரணியே எழுத வேண்டும்.

வலுவிழந்தோர் வரிச்சலுகை பெற்றவர்களுக்கு, 2008 முதல் தனிச் சேமிப்புத் திட்டமும் உண்டு. நாம் இடும் பணத்தோடு அரசு வாழ்நாளில் 70,000 டொலர் வரை மானியம் சேர்க்கும். வருமானம் குறைந்தவர்களுக்கு, ஒரு சதம் இடாவிட்டாலும் 20,000 டொலர் வரை தரும். பிள்ளைக்கு 49 வயதாகும் ஆண்டின் முடிவோடு இவ்வுதவிகள் நின்றுவிடும்.

திருவாரூரிலே கண்பார்வையற்ற தண்டியடிகள் திருக்குளத்துள் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இடையே கயிறு கட்டி, அதைத் தடவிச் சென்று மண் சுமந்தார். அந்தக் கயிற்றைக் கட்டியவர் அவரே. ஆகவே பிள்ளையை வைத்துக்கொண்டே பிள்ளையைப் பற்றி மற்றவர்களோடு பேசி முடிக்காதீர்கள். யாரோடு இருக்க விருப்பம் என்று அவரிடமே கேளுங்கள். விளங்கிக்கொள்ளும் ஆற்றல் உண்டானால், 18 வயதின் பின் தமக்குரிய தத்துவத்தைத் தாமே எழுதிக்கொடுக்கலாம். பொறுப்பாளருக்கும் ஒரு கடிதம் எழுதி வையுங்கள்: என்ன மருந்து, எந்தச் சாப்பாடு ஒத்துவராது, எந்தப் பதிகம் கேட்டால் அமைதியடைவார் என்று.

மூலப் பத்திரங்களைச் சுவாமி அறையில் வைத்தாலும் வங்கிப் பெட்டகத்தில் வைத்தாலும், இருக்குமிடத்தை நியமித்தவருக்குச் சொல்லி வையுங்கள். பெட்டகத்தில் வைப்பதானால், திறக்கும் உரிமை வேறு யாருக்கு உண்டென்று வங்கியில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

திருச்சிற்றம்பலம்