கடமையும் கண்ணீரும்



கடமையைச் செய்த ஒருவன் அதற்காகத் துக்கப்படலாமா? துக்கப்பட்டால், அவன் செய்தது பாவம் என்று ஆகிவிடுமா? ஓர் உதைபந்தாட்ட வீரரின் வாழ்வைக் கொண்டு இக்கேள்வியைச் சிந்திப்போம்.

டெனிஸ் லோ 1940ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்தின் அபடீன் நகரில் ஒரு மீனவரின் மகனாகப் பிறந்தார். 1962இல் மன்செஸ்ரர் யுனைற்றட் கழகம் 115,000 பவுண் கொடுத்து அவரைச் சேர்த்துக்கொண்டது. பதினொரு ஆண்டுகளில் அக்கழகத்துக்காக 237 கோல்கள் அடித்தார். 1964இல் ஐரோப்பாவின் சிறந்த வீரர் என்னும் விருதைப் பெற்றார். இரசிகர்கள் அவரை 'அரசன்' என்றே அழைத்தனர். 1973இல் கழகம் அவரை விடுவித்தது. அவரோ அதே நகரின் போட்டிக் கழகமான மன்செஸ்ரர் சிற்றியில் சேர்ந்தார்.

1974 ஏப்ரல் 27இல் இரு கழகங்களும் மோதின. முதற்பிரிவிலிருந்து தள்ளப்படும் ஆபத்தில் யுனைற்றட் தத்தளித்துக்கொண்டிருந்தது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது பந்து லோவிடம் வந்தது. கோல் கம்பத்துக்கு முதுகு காட்டி நின்றவர் குதிகாலால் தட்டினார், கோல்! ஆனால் அவர் கை உயர்த்தவில்லை. துயரம் தோய்ந்த முகத்தோடு மைதானத்தைவிட்டு வெளியேறினார். லீக் போட்டிகளில் அதுவே அவருடைய கடைசிக் கோல். யுனைற்றட் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது.

'பழைய அன்புக்காக அவர் பந்தை வேண்டுமென்றே தவறவிட்டிருக்கலாமே' என்பீர்கள். அப்படிச் செய்திருந்தால் ஊதியம் கொடுத்த கழகத்தையும், தோளோடு தோள் நின்ற தோழரையும் ஏமாற்றியிருப்பார். அதே ஆபத்திலிருந்து தப்பப் போராடிய பேர்மிங்ஹாம் கழகத்துக்கும் அநீதி இழைத்திருப்பார். பிறர் உரிமையைப் பறித்து ஒருவருக்குக் கொடுப்பது அன்பாகாது.

அன்று பேர்மிங்ஹாம் வென்றதால், லோ கோல் அடிக்காவிட்டாலும் யுனைற்றட் தள்ளப்பட்டே இருக்கும். இதைச் சொல்லிப் பலர் அவரைத் தேற்றினர். ஆயினும், ஒரு செயலின் நன்மை தீமையை அதன் பின்விளைவு மட்டும் தீர்மானிப்பதில்லை. செயலின் தன்மை, நோக்கம், சூழ்நிலை ஆகிய மூன்றையும் பார்க்கவேண்டும் என்று புனித அக்குவீனாஸ் தோமையார் கற்பிக்கிறார். அந்தக் கோலினால் யுனைற்றட் உண்மையிலேயே வீழ்ந்திருந்தாலும் லோ குற்றமற்றவரே.

அப்படியானால் அந்தத் துயரம் ஏன்? இங்கேதான் நாம் தடுமாறுகிறோம். குற்றத்தின் நோவு வேறு, அன்பின் நோவு வேறு. தன் மருமகனின் விடைத்தாளுக்கு நேர்மையாகக் குறைந்த புள்ளியிட்ட ஆசிரியர், உறவினருக்கு எதிராக உண்மைச் சாட்சி சொன்னவர், இவர்களெல்லாம் இரவில் உறங்காது புரளுகின்றனர். சிலர் அதைப் பாவமென எண்ணிப் பாவசங்கீர்த்தனத்துக்கும் வருகின்றனர். அவர்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. அவர்களுக்குத் தேவை ஆறுதலே. எருசலேமுக்கு வரவிருந்த அழிவை அறிவித்த ஆண்டவரே அந்நகரைப் பார்த்து அழுதார் அல்லவா?

நாம் அஞ்சவேண்டியது வேறொன்று. கடமையைச் செய்யும் சாட்டில் பிறர் வீழ்ச்சியில் மகிழ்வதே அது. நீதி செய்த கை, வெற்றிக் களிப்பில் உயரவேண்டும் என்பதில்லை.

2025 ஜனவரி 17இல் லோ காலமானார். எந்தக் கழகத்தின் வலைக்குள் அந்தக் கோலை அடித்தாரோ, அந்தக் கழகத்தின் மைதானத்திலேயே இன்று அவருக்குச் சிலை நிற்கிறது. நேர்மையாக நம்மை எதிர்த்தவரை நாமும் அவ்வாறு மதிக்கக் கற்றுக்கொள்வோமா?